கோச்சி போன பாதை

யாழ்ப்பாணத்து முதியவர்களின் பேச்சிலே புகையிரதம் என்ற சொல்லைக் கேட்பது அரிது. அவர்களுக்கு அது கோச்சி. மெயில் கோச்சி, காலைக் கோச்சி என்று நேரத்தை வைத்தே அதற்குப் பெயரிட்டார்கள். இரும்புப் பாதையோரத்துக் கிராமங்களுக்கு அது கடிகாரமாகவும் இருந்தது.

நேயர்களே, இந்தப் பாதை வருமுன் கொழும்புக்குப் போவதென்றால் கடலால் போகவேண்டும். இல்லையேல் வன்னிக் காட்டினூடே மாட்டுவண்டியிற் போகவேண்டும். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. 1905இல் அது தெற்குப் பாதையோடு இணைந்தது. பொல்காவலையிலிருந்து காங்கேசன்துறை வரை 339 கிலோமீற்றர். கொழும்புக் கந்தோர்களில் எழுதுவினைஞர்களாய்ப் பணிபுரிந்த எம்மவர் விடுமுறைக்கு ஊர் திரும்பியது இதனால்தான். எமது புகையிலையும் மாம்பழமும் தெற்கே போயின.

1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய காலம் அது. அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களே இடப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று ஒன்ராறியோ. பிற்காலத்தில் எம்மவர் பல்லாயிரவர் அந்த ஒன்ராறியோவுக்கே குடிபெயர்வர் என்று அன்று யார் நினைத்தார்?

தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே 1956இல்தான். அதன்பின் இந்தப் பாதையின் கதையை நாட்டின் கதையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 1977 வன்செயலின் பின் தெற்கிலிருந்து அகதிகளாய்த் திரும்பியவர்களையும் இது சுமந்தது. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி தாக்கப்பட்டபோது படையினரும் பொதுமக்களும் மாண்டனர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூள, யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் கூரையாயின. ஊரை இணைத்த இரும்பு, ஊரார் ஒளிந்திருக்கும் குழியை மூடிற்று.

போர் 2009இல் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் பாதை புதிதாக இடப்பட்டது. 2014 ஒக்டோபரில் வண்டி யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை அடைந்தது. ஆயினும் சீரமைப்பு அத்தோடு முடியவில்லை. அநுராதபுரம் - ஓமந்தைப் பகுதி 2023இலும், மாகோ - அநுராதபுரம் பகுதி 2024இலும் திருத்தத்துக்காக மாதக்கணக்கில் மூடப்பட்டன. வேகம் கூட்டுவதற்கான வேலை என்றார்கள். பயணிகளோ மீண்டும் பேருந்தை நாடினார்கள்.

வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. கோச்சிச் சத்தமே கேளாமல் இருபத்துநான்கு ஆண்டுகளில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பாதை இருந்த இடம் அவர்களுக்கு வெறும் வெளி. நடக்கவும் சைக்கிள் விடவும் உகந்த ஒழுங்கை. கொங்கிறீற்றுச் சிலிப்பர்மேல் விரைந்து வரும் வண்டிக்கு அவர்கள் பழகியிருக்கவில்லை. காவலற்ற கடவைகளில் உயிர்கள் போயின. காவல் இருந்த இடங்களிலும், சொற்பக் கூலிக்குத் தற்காலிகமாய் அமர்த்தப்பட்டவர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் போராட நேர்ந்தது.

பழைய யாழ்தேவியை எண்ணி ஏங்குவதில் தவறில்லை. சன்னலோரத்து ஆசனமும் ஆனையிறவின் உப்புக் காற்றும் நினைக்க இனியவைதாம். ஆனால், வண்டி வருமுன் படலையைச் சாத்திவிட்டுக் கொடியோடு நின்ற கேற்காரரையும் அந்த நினைவில் சேர்த்துக்கொள்ளவேண்டும். பழைய பெட்டிகள் திரும்பி வரமாட்டா. கடவைதோறும் ஒரு காவலாளியை நிறுத்துவதும், அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதும் இன்றும் செய்யக்கூடிய காரியங்களே.