ஊவா மலையின் டிசம்பர்

டிசம்பர் பிறந்து பாடசாலை விடுமுறையும் தொடங்கிவிட்டால் கொழும்பிலிருந்தும் கரையோர நகரங்களிலிருந்தும் வாகனங்கள் மலைநாட்டுக்கு ஏறத் தொடங்குகின்றன. நுவரெலியாவில் அறை கிடைக்காதவர்கள் ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் போகின்றனர். விடியுமுன் எழுந்து ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குச் சென்று, பனிமூட்டம் கவியுமுன்னர் 'உலக முடிவு' என்னும் செங்குத்துச் சரிவின் விளிம்பில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புவது இந்தப் பயணத்தின் உச்சக் கட்டம். நம்மவரும் இன்று குடும்பம் குடும்பமாக இப்பயணத்தில் சேர்ந்துகொள்கின்றனர். அது நல்லதே.

எனினும் இந்த டிசம்பர் விடுமுறை மலைக்கு எப்படி வந்தது, அது வந்தபோது மலையில் வாழ்ந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வியை நம் எழுத்துக்கள் பெரும்பாலும் தொட்டதில்லை. ஊவா முஸ்லிம்களின் வரலாறு என்றால் தவளம் வரும், கண்டி மன்னரின் மடிகே பத்த வரும், 1817-18 கிளர்ச்சி வரும். தோட்டத்துக் கடைத்தெரு வருவதில்லை. அந்தக் கடைத்தெருவில் நின்று பார்த்தால் டிசம்பர் வேறு மாதிரித் தெரியும்.

பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் மலைப்பாதையில் பூனாகலை இருக்கிறது. பதுளை மாவட்டத்தின் தென் விளிம்பு அது. தேயிலை, லயங்கள், கோவில், பாடசாலை, சில கடைகள். தோமஸ் லிப்டன் அமர்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் 'லிப்டன் இருக்கை'யும் இதே மலைப்பகுதியில்தான். பூனாகலையின் டிசம்பரை விளங்கிக்கொள்ள முதலில் மழையை விளங்கிக்கொள்ள வேண்டும். மத்திய மலைத்தொடர் காற்றை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குச் சரிவை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று ஊவாவுக்கு வரும்போது ஈரமிழந்து வறண்டுவிடுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றில்தான் உலகப் புகழ் பெற்ற ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நிலைமை தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்று ஊவாச் சரிவில் மோதி மழையைக் கொட்டுகிறது. ஹோர்ட்டன் சமவெளி இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கூரை போன்றது. இரு பருவ மழையும் அதற்கு உண்டு. ஆகவே மேலே போகிறவருக்கு விடுமுறைக் குளிர். கீழே சரிவில் இருப்பவருக்கு மண் ஊறும் காலம்.

மேற்குப் பக்கத்தில் இதே டிசம்பர் வானம் தெளியும் மாதம். அதனாற்றான் சிவனொளிபாத மலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் மாத உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீடிக்கிறது. நமக்கு அது பாவாத மலை. 1344ஆம் ஆண்டில் அதில் ஏறிய இப்னு பதூதா, பாபா வழி, மாமா வழி என ஆதம், ஹவ்வா பெயரால் வழங்கிய இரு பாதைகளைக் குறித்து வைத்திருக்கிறார். மலைக்குப் பயணம் போவதென்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணுவோருக்கு இது ஒன்றே போதும். பாவாத மலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து 2010இல் 'மத்திய மலைநாடு' என்ற பெயரில் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன.

ஆனால் குளிரை அனுபவிப்பதற்காகவே மலைக்குப் போவது வேறு சங்கதி. அது தோட்டத்துரைமாரின் ஏக்கத்திலிருந்து பிறந்தது. சிங்களத்தில் மகா எளிய என்று வழங்கிய புல்வெளியை 1834இல் வேட்டைக்குப் போன இரு பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் 'கண்டுபிடித்து', அப்போதைய தேசாதிபதி ஸேர் றொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரைச் சூட்டினர். பிறகு சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தோடு வந்து மரைகளை விரட்டினார். அவர் பெயரில் இன்றும் ஓர் அருவி அங்கே இருக்கிறது. தோமஸ் பார் என்ற துரையின் பெயரால் 'பார் இன்' என்ற விடுதி எழுந்தது. ஓடைகளில் ட்ரவுட் மீன் விடப்பட்டது. ஸ்கொட்லாந்தை விட்டுவந்த ஒருவன் தன் ஊரை இங்கே பகுதி பகுதியாகக் கட்டி எழுப்ப முயன்றிருக்கிறான் என்றே இவற்றைப் பார்க்கும்போது தோன்றுகிறது. அதில் உச்சம் ஹப்புத்தளையின் அடிசம் மாளிகை. ஸேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த இந்தக் கல் வீடு இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையை நினைவூட்டும். அடிசம் என்பதும் கென்ட்டில் அவரது தந்தை மதகுருவாக இருந்த கிராமத்தின் பெயரே. அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது.

புகையிரதம் இல்லாமல் இதெல்லாம் நடந்திராது. நானுஓயாவுக்கு 1885, ஹப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924 எனப் பாதை மெல்ல மெல்ல ஏறியது. தேயிலையை இறக்கவே போட்ட பாதை அது. துரைமாரின் நத்தார் விருந்தாளிகள் அதில் திரும்பி ஏறினார்கள்.

தொழிலாளிக்கோ நத்தார் விருந்து துரை பங்களாவின் சமையலறை வேலையாகத்தான் வந்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் தமக்கென நத்தார் கொண்டாடின. மற்றவர்க்குத் தீபாவளி முடிந்து தைப்பொங்கல் வரும் வரை மழையும் அட்டையும்தான். தீபாவளிக்குத் தோட்டம் தரும் 'முற்பணம்' அன்பளிப்பன்று; கடன். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும். டிசம்பரில் அந்த வெட்டு நடந்துகொண்டிருக்கும். அப்போது அரிசியும் மாவும் எங்கிருந்து வரும்? கடைத்தெருவிலிருந்து, கடன் கொப்பியில். இங்கேதான் நம்மவர் வருகின்றனர். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்து வந்தவரும், இந்நாட்டுச் சோனகரும் மலாயரும் ஊவாவின் பட்டணங்களில் கடை வைத்திருந்தனர். சிலர் புடவை மூட்டையைத் தோளில் சுமந்து லயம் லயமாக ஏறி இறங்கினர். 'நானா' என்றும் 'பாய்' என்றும் அழைக்கப்பட்ட அந்தக் கடைக்காரரின் கொப்பியில் கருணையும் உண்டு, கறாரும் உண்டு. இரண்டையும் எழுதுவதே நேர்மை. வட்டி ஹராம் என்று அறிந்தவர், கடனுக்கு விற்கும் சாமானின் விலையைச் சற்றே உயர்த்தி எழுதிய சந்தர்ப்பங்கள் இருந்திருக்கவே செய்யும். அந்தக் கொப்பிகளை யாரும் பாதுகாத்து வைக்கவில்லை என்பது நம் வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பு.

சூரியனை வைத்துக் கணக்கிடும் மாதத்துக்கும் பிறையை வைத்துக் கணக்கிடும் மாதத்துக்கும் ஆண்டுக்குப் பத்து அல்லது பதினொரு நாள் வித்தியாசம். ஆகவே ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒரு தடவை றமழான் டிசம்பருக்குள் வந்து சில வருடங்கள் தங்கிச் செல்கிறது. அவ்வாறு இரு நாட்காட்டிகளும் சந்தித்த வருடங்களை எடுத்து நோக்கினால் இம்மலையின் வரலாறு எதிர்பாராத வெளிச்சத்தில் தெரிகிறது.

முதலாவது, 1900. கணக்குப்படி ஹிஜ்ரி 1318ஆம் ஆண்டு றமழான், நத்தாருக்கு இரண்டொரு நாள் முந்திப் பிறந்தது. அவ்வேளை பண்டாரவளைக்கு அடுத்த தியத்தலாவையில் ஆயிரக்கணக்கானோர் முட்கம்பிக்குள் இருந்தனர். தென்னாபிரிக்கப் போரில் பிரித்தானியர் பிடித்த போயர் கைதிகள் அவர்கள். 1900 ஓகஸ்ட் முதல் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இவர்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ 5,000. இவர்களுக்குச் சொந்த நாட்டில் டிசம்பர் என்பது கோடை. நத்தார் வெயிலில் வரும் பண்டிகை. இங்கோ குளிரும் வடகீழ் மழையும். துரைமார் தேடித்தேடி ஏறிவந்த அதே குளிர், சில மைல் தூரத்தில் சிறையின் குளிராக இருந்தது.

இக்கைதிகளின் மூதாதையர் டச்சுக்காரர். அந்த டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் மகஸ்ஸாரைச் சேர்ந்த ஷெய்க் யூசுப் என்ற பேரறிஞர், பந்தன் அரசின் போரில் நின்றதற்காகப் பிடிக்கப்பட்டு 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். இங்கிருந்தபடியே நூல்கள் எழுதினார். ஹஜ் வழியில் வந்துபோவோர் மூலம் கிழக்கிந்தியத் தீவுகளோடு அவருக்குத் தொடர்பும் நீடித்தது. அதற்கு அஞ்சிய டச்சுக்காரர் 1694இல் அவரைத் தென்னாபிரிக்காவின் கேப் பகுதிக்கு அனுப்பிவிட்டனர். 1699இல் அங்கேயே வபாத்தானார். கேப் முஸ்லிம்கள் தம் சமூகத்தின் தொடக்கத்தை அவரோடுதான் இணைத்துப் பேசுகின்றனர். இலங்கையிலிருந்து கேப்புக்கு ஒரு கைதி போய் இருநூறு ஆண்டு கழித்து, அனுப்பியவர்களின் வாரிசுகள் தென்னாபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கைதிகளாக வந்தனர். போயர்களில் எங்கல்பிறெக்ற் என்பவர் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, ஊர் திரும்ப முடியாமல் ஹம்பாந்தோட்டையில் தங்கி, யால காட்டின் முதற் காவலராகக் கடமையாற்றினார். இந்நாட்டுத் தேசியப் பூங்கா வரலாற்றில் ஒரு போர்க்கைதியின் பெயர் இப்படி இடம்பெற்றுவிட்டது.

அடுத்த சந்திப்பு முப்பதுகளில். 1935 டிசம்பர் 18ஆந் திகதி, றமழான் மாதத்தில், லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. ஐந்தாண்டுக்குள் அதன் குரல் மலைக்கு ஏறியது. 1940இல் பதுளையின் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் போராட்டம் வெடித்தது. ஓய்வு என்பதைக் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாகத் தொழிலாளர் எண்ணத் தொடங்கிய காலம் அது.

மூன்றாவது, 1965 முதல் 1968 வரை. இங்கே ஒரு வேடிக்கை. 1966இல் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை ஒழித்து, போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. 1971 வரை நாடே பிறையைப் பார்த்து ஓய்வெடுத்தது. எந்தக் கிழமை விடுமுறை என்று தெரியாமல் மற்றவர்கள் தடுமாற, நமக்கு அது பழகிய கணக்குத்தான். ஆனால் மலையில் அப்போது சிரிப்புக்கு இடமில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிவிட்டிருந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய புறப்பாடு எண்பதுகள் வரை நீடித்தது. விடுமுறைக்காரரைச் சுமந்துவந்த அதே தண்டவாளத்தில் தலைமன்னாரை நோக்கி இறங்கிய வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. நம்மவரில் இந்திய வம்சாவளியினரும் அச்சட்டத்தின் பிடியில் சிக்கினர். கடையை விற்றுவிட்டு ஊர் திரும்பினர். கடன் கொப்பியில் பெயர் இருந்தவரும் போனார், கொப்பியை எழுதியவரும் போனார்.

1988இல் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. அந்தக் காடு தப்பியதற்கு 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடவேண்டும் எனக் கூறிய ஆலோசனை முக்கிய காரணம். ஆற்றுத் தலைகளைக் காக்கும் நல்ல ஆலோசனை. அதற்குக் கீழேயிருந்த சரிவுகளுக்காக வாதாட எவருமில்லை. அவை கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் மொட்டையடிக்கப்பட்டன; அந்தச் சரிவுகளிலேயே லயங்களும் கட்டப்பட்டன.

நான்காவது சந்திப்பு நம் நினைவிலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் நோன்புப் பெருநாள் இரண்டு தடவை வந்தது. ஜனவரியில் ஒன்று, நத்தாரை ஒட்டிய டிசம்பர் கடைசி வாரத்தில் மற்றொன்று. நத்தார்ச் சாமானும் பெருநாள் புடவையும் ஒரே வாரத்தில் விற்பனையான அந்த டிசம்பர் கடைத்தெருவுக்கு அதிர்ஷ்டம். றமழானுக்காக முஸ்லிம் பாடசாலைகளுக்கும், ஆண்டிறுதிக்காக ஏனைய பாடசாலைகளுக்கும் ஒரே காலத்தில் விடுமுறை. இரு பக்கப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடக் கிடைத்த அபூர்வமான வருடங்கள் அவை.

பிறகு வந்தது மண். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பூனாகலைக்குக் கீழே கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. இறந்தோரும் காணாமற் போனோருமாக முப்பதுக்கு மேற்பட்டோர். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எனினும் மக்கள் மாற்றிக் குடியமர்த்தப்படவில்லை. தோட்டத்தொழிலாளி குடியிருக்கும் வீடும் அதன் கீழுள்ள நிலமும் அவனுடையதல்ல என்ற பழைய வழக்கு அங்கே உயிரைக் கேட்டது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலேயே சரிவு. குடும்பங்கள் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாட்டைத் தாக்கியபோது பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மலைப்பாதைகள் அறுந்தன, புகையிரதப் பாதை பல இடங்களில் சேதமானது. அந்த டிசம்பரில் பள்ளிவாசல்களில் சேர்ந்த உலர் உணவும் கோவில்களில் சேர்ந்ததும் மலைக்கு ஏறின.

கணிப்புப்படி 2030 டிசம்பர் கடைசி வாரத்தில் றமழான் மீண்டும் பிறக்கும். 2033இல் பெருநாள் நத்தாரை ஒட்டி வரும். ஹப்புத்தளையில் அன்றும் அறை கிடைக்காது. மீரியபெத்தை மக்களுக்கு 2014இல் தஞ்சமளித்த இடங்களில் பூனாகலைப் பாடசாலையும் ஒன்று. அப்போது தவணை நடுப்பகுதி. பிள்ளைகளின் மேசை கதிரைகளை ஒதுக்கித்தான் பாய் விரிக்க வேண்டியிருந்தது. மழை டிசம்பரில் வந்தால் அந்தச் சிரமம் இல்லை. பாடசாலைக்கு விடுமுறை, வகுப்பறைகள் காலியாக இருக்கும்.