கல்லூரிக்கு அனுமதி, படிப்புக்கு அங்கீகாரம்

எஸ்.பி.எம். முடிவுகள் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்தக் கல்லூரி?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி, "அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா?" என்பதாகும்.

அங்கீகாரம் என்றால் என்ன? தன் தரத்தைப் பற்றி ஒரு கல்லூரி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். துறையறிந்த வேறொருவர் சோதித்து, 'உண்மைதான்' என்று பொறுப்பேற்றுச் சொல்வதே அங்கீகாரம்.

இதன் அருமையை நம் வட்டார வரலாறே காட்டுகிறது. 1904ஆம் ஆண்டில் டான் ஜியாக் கிம் தலைமையில் சமூகப் பிரமுகர்கள் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி கேட்டு மனுச் செய்து, 87,077 டாலர் திரட்டினர். 1905இல் 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. 1910இல் எழுவர் தேறினர். எனினும், 1916இல்தான் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அப்பட்டயத்தை ஏற்றது. அதன் பிறகே, இங்கு படித்தவர் பிரிட்டிஷ் பேரரசின் பிற பகுதிகளிலும் மருத்துவராகப் பணியாற்றும் தகுதி பெற்றார். படித்த பாடம் அதேதான். பட்டயத்தின் மதிப்புதான் உயர்ந்தது. அப்பள்ளியே பின்னர் கல்லூரியாகி, ராஃபிள்ஸ் கல்லூரியுடன் இணைந்து 1949இல் மலாயாப் பல்கலைக்கழகமாயிற்று.

மலேசியாவில் தனியார் உயர்கல்விச் சட்டம் 1996இல் வந்தது. தனியார் படிப்புகளின் தரத்தைக் கவனிக்க 'லான்' எனும் தேசிய அங்கீகார வாரியம் 1997இல் அமைந்தது. 2007 நவம்பர் முதல் அப்பொறுப்பை எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிறுவனம் ஏற்றது. இன்று அரசு, தனியார் என இரு தரப்புப் படிப்புகளுக்கும் தர அளவுகோலை வகுப்பது அதுவே.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கல்லூரி நடத்த அமைச்சு தரும் அனுமதி வேறு. படிப்புக்குக் கிடைக்கும் அங்கீகாரம் வேறு. ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு முழு அங்கீகாரமும், புதிய படிப்புக்குத் தற்காலிக அங்கீகாரமும் இருக்கலாம். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும். மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு அந்தந்தத் தொழில் மன்றத்தின் ஏற்பும் தேவை.

அங்கீகாரமில்லாப் படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடையாது, அரசாங்க வேலைக்கும் அது உதவாது. பெற்றோர்களே, விளம்பரப் பலகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எம்.கியூ.ஏ. இணையப் பதிவேட்டில் கல்லூரியின் பெயரோடு நிற்காமல், படிப்பின் பெயரையும் தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பிள்ளையின் மூன்று, நான்கு ஆண்டு உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.