வாயிலும் காவலும்: குடாநாட்டு வரலாறு தரும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இடப்பெயர்கள் சில அதன் போக்குவரத்து வரலாற்றைத் தம்முள் அடக்கி நிற்கின்றன. ஊர்காவற்றுறை என்னும் பெயரில் துறையும் காவலும் ஒருங்கே உள்ளன. ஆனையிறவு என்னும் பெயரோ, வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற கடனீரேரியைக் கடந்து குடாநாட்டினுட் புகுந்த வழியை நினைவூட்டுவது. பல வழிகள் வந்து கூடும் இடத்தைக் காவல் செய்வோர் எதனைக் கவனித்தனர், எதனைக் கவனியாது விட்டனர் என்பதை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய முற்படுகின்றது.

இவ்வினா பழைமையை மட்டும் சார்ந்ததன்று. இன்று நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தம் கணினி வேலைகளை முகிற் கணிமை எனப்படும் தொலைதூரச் சேவைகளிடம் ஒப்படைக்கின்றன. அங்கு, சிதறிக் கிடக்கும் பல வலையமைப்புகளை ஒன்றிணைக்க ‘மெய்நிகர் வலையமைப்பு மையம்’ ஒன்று அமைக்கப்படுகின்றது. தரவெல்லாம் அதன் வழியே செல்வதால், அம்மையம் தளர்ந்தால் கிளைகள் அனைத்தும் தளரும். ஆகவே எவ்வளவு தரவு கடந்தது, எவ்வளவு இடையில் வீழ்ந்தது, அயல் வலையமைப்புகளுடன் பாதைகளைப் பரிமாறும் தொடர்பு உயிருடன் உள்ளதா என்பன இடையறாது நோக்கப்படல் வேண்டும். கருவி புதிது, பணி பழையது.

1619 இல் யாழ்ப்பாணத்தைத் தம் நேரடி ஆட்சிக்குட்படுத்திய போர்த்துக்கேயர், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீர்வழியிற் கடற்கோட்டை ஒன்றை எழுப்பினர். கலங்களின் வரவையும் செலவையும் நோக்க அதனினும் வாய்ப்பான இடம் அரிது. ஆயினும் 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, அக்கோட்டை குடிநீரின்மையாற் பணிய நேர்ந்தது. வெளியே செல்லும் கலங்களை நோக்கிய காவல், தன்னுள்ளிருந்த நீர்த்தொட்டியின் நிலையை நோக்கத் தவறியது எனலாம். அதனைக் கைப்பற்றி ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்ட ஒல்லாந்தர், கல்லால் நீர்த்தொட்டி அமைத்தனர். கடந்து செல்வனவற்றை எண்ணுவதோடு அமையாது, மையத்தின் சொந்த நலனையும் அளவிடல் வேண்டும் என்பதே இங்குக் கிடைக்கும் முதற் பாடம்.

நிலவழியைக் காக்க ஒல்லாந்தர் ஆனையிறவு, பெஸ்கூட்டர், பைல் ஆகிய கோட்டைகளை ஒரு வரிசையாக அமைத்தனர். ஆயின் கோட்டைகளினும் நீண்டகாலம் நிலைத்தவை அவர்தம் ஏடுகளே. பதவி விட்டுச் செல்லும் அதிகாரி, பின் வருவோருக்கென நிலைமைகளை விரிவாக எழுதி வைப்பது அவர்களது வழக்கம். யாழ்ப்பாணப்பட்டினத்துத் தளபதியாயிருந்த ஹென்றிக் ஸ்வார்டகுரூன் 1697 இல் எழுதிய அறிவுறுத்தற் குறிப்பு இவ்வகையிற் சிறந்தது. யானை வாணிபம், வரி, கோட்டைகளின் நிலை முதலியன அதில் இடம்பெறுகின்றன. எழுதி வைக்க வேண்டும் என்னும் முன்னேற்பாடு இருந்தமையாலேயே இன்று நாம் அக்காலத்தை ஆராய முடிகின்றது.

இக்காலச் சேவைகளிலும் இந்நிலையே நோக்கற்பாலது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அசூர் சேவையில், மையத்தின் அளவீடுகள் தாமாகவே திரட்டப்பட்டு 93 நாள்கள் பேணப்படுகின்றன. விரிவான நிகழ்வுப் பதிவுகளோ, அவற்றை இன்ன களஞ்சியத்திற் சேர்க்க என ஒருவர் முன்கூட்டியே பணித்தாலன்றிச் சேமிக்கப்படுவதில்லை. இடர் நேர்ந்த பின்னர் தேடுபவனுக்கு எஞ்சுவது வெறும் ஏடே. அன்றியும் எந்த எல்லை மீறப்படின் யாருக்கு அறிவிப்பது என்பதும் முன்னரே வகுக்கப்படல் வேண்டும். கேட்பாரின்றி ஒலிக்கும் மணியாற் பயனில்லை.

இறுதியாக, காவல் யாருக்காக என்னும் வினா எழுகின்றது. ஒல்லாந்தரின் கணக்குகள் கும்பினியின் ஆதாயத்துக்காக எழுதப்பட்டவை. வாயிலைக் கடந்த உழவனுக்கோ வணிகனுக்கோ அவற்றால் விளைந்த நன்மை சிறிதே. நம் காலத்திலும் இவ்வனுபவம் தொடர்ந்தது. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின், பயணிகள் அரச படையினரதும் விடுதலைப் புலிகளதும் சோதனைச் சாவடிகளைக் கடந்தே பயணஞ் செய்தனர். 2006 ஆகத்தில் அவ்வீதி மூடப்பட்டபோது குடாநாடு கடல்வழியையும் வான்வழியையுமே நம்பி வாழ நேர்ந்தது. ஒரே வாயிலை நம்பி வாழ்தல் எத்தகையது என்பதை எமது பெற்றோர் நூல்களிற் கற்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆதலின் மையங்களைக் கண்காணிக்கும் முறைகளை அமைக்கும் பொறியியல் மாணவரும், பழைய ஏடுகளைப் புரட்டும் வரலாற்று மாணவரும் ஒரே வினாக்களையே கேட்க வேண்டியவராகின்றனர். எதனை எண்ணுகின்றோம்? எங்கே பேணுகின்றோம்? யாரிடம் அறிவிக்கின்றோம்? கடந்து செல்வோரின் நலன் அக்கணக்கில் இடம்பெறுகின்றதா? இவற்றுள் இறுதி வினாவுக்கு எம் வாயில்களின் வரலாறு இதுகாறும் நிறைவான விடை தரவில்லை. இனி அமைக்கப்படும் வாயில்களேனும் அதனைத் தருதல் வேண்டும்.