இல்லாத கிழவரின் இசைத்தட்டு

இன்னைக்கு ஒரே ஒரு வினைல் இசைத்தட்டோட கதை. மொத்தமே சுமார் 100 காப்பிதான் அடிச்சாங்க.

வருஷம் 1959. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம், டகோமா பார்க் என்ற ஊர். ஜான் ஃபேஹிக்கு வயசு 20. பெட்ரோல் பங்க்ல வேலை. சம்பளத்துல சேர்த்த காசும் கொஞ்சம் கடனும் வெச்சு தன் கிட்டார் இசையைத் தானே வெளியிடுறார். லேபிளுக்குப் பேர், ஊர்ப் பேரான டகோமாவேதான். பாட்டு கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. ஸ்டீல் கம்பி போட்ட ஒரு கிட்டார் மட்டும். கட்டைவிரல் பேஸ் கம்பிகள்ல தாளத்தைப் பிடிச்சுக்கும், மத்த விரல்கள் மெட்டு வாசிக்கும். கண்ணை மூடிக் கேட்டா ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

இதுல ஒரு குறும்பு இருக்கு. தட்டோட ஒரு பக்கத்துலதான் அவர் பேர். மறுபக்கத்துல 'பிளைண்ட் ஜோ டெத்'. அப்படி ஒருத்தர் உலகத்துலயே இல்லை! 1920-கள்ல புகழ்பெற்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள்ல பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், பிளைண்ட் வில்லி ஜான்சன் மாதிரி பார்வையில்லாதவங்க பலர். அந்தப் பேர்களை வெச்சு ஃபேஹி ஒரு கிழவரையே உருவாக்கிட்டார். சில காப்பிகளைப் பழைய சாமான் கடைகள்ல யாருக்கும் தெரியாம வெச்சுட்டு வந்தார். சிலதை நாட்டார் இசை அறிஞர்களுக்கு அனுப்பினார். ஒரு சிலர் நம்பியும் விட்டாங்க.

வெறும் ஜோக்குதானேன்னு தோணலாம். எனக்கு உறுத்துறது வேற. அன்னைக்கு வெள்ளைக்கார சேகரிப்பாளர்கள் பழைய ப்ளூஸ் தட்டுகளை ஊர் ஊராத் தேடினாங்க. தட்டு கிடைச்சா கொண்டாட்டம். வாசிச்ச மனுஷன் எங்கே? பெரும்பாலும் செத்துப்போயிருப்பார்னு ஒரு நினைப்பு. இல்லாத ஒரு கிழவரை அறிஞர்கள் நம்பின அதே காலத்துல, நிஜமான கிழவர்கள் யாரும் கேட்காம வாழ்ந்துட்டிருந்தாங்க.

இதை உடைச்சதிலும் ஃபேஹிக்குப் பங்கு உண்டு. புக்கா வைட் என்ற ப்ளூஸ் கலைஞர் 1940-ல் மிசிசிப்பியின் அபர்டீன் ஊரைப் பத்திப் பாடியிருந்தார். ஃபேஹியும் நண்பர் எட் டென்சனும் 1963-ல் அதை மட்டும் துப்பாக வெச்சு, 'புக்கா வைட், பழைய ப்ளூஸ் பாடகர், அபர்டீன் தபால் நிலையம்'னு ஒரு கடிதம் போட்டாங்க. அது கைமாறி மெம்ஃபிஸ்ல இருந்த அவர்கிட்டயே போய்ச் சேர்ந்தது! டகோமா லேபிள்லயே அவரோட புது ஆல்பம் வந்தது. அப்புறம் ஐரோப்பா மேடைகள் வரைக்கும் போனார்.

நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, 1959 தட்டு வெர்ஷன் 1.0. ஃபேஹிக்கே அதுல திருப்தி இல்லை. 1964-ல் சிலதை மறுபடி வாசிச்சுச் சேர்த்தார், 1967-ல் ஸ்டீரியோவில் முழுசா வாசிச்சார். இன்னைக்கு இந்த ஆல்பம் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்கிற ஒலிப்பதிவுப் பட்டியல்ல இருக்கு.

சேகரிப்பாளர்களுக்கு அந்த முதல் 100 காப்பிதான் புதையல். எனக்கென்னவோ அந்த ஒரு தபால்தான் பெருசாத் தெரியுது. நீங்க ரசிக்கிற பழைய பதிவுல வாசிச்சவர் இன்னும் உயிரோட இருக்கலாம். பேரைத் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.