நிரந்தரவாசி

இடைவெளியற்றது என்னும் பொருளுடைய ‘நிரந்தரம்’ என்ற வடசொல்லோடு, வாழ்பவரைக் குறிக்கும் ‘வாசி’ சேர்ந்த இச்சொல், குடியுரிமை பெறாமலே அயல்நாட்டில் நிலையாகத் தங்கும் உரிமையுடையவரைச் சிங்கப்பூர்த் தமிழில் சுட்டுகிறது. உயர்திறனாளருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் சிங்கப்பூர் செல்லும் காரைக்குடிப் பொறியாளர் இத்தகுதிக்கு விண்ணப்பிக்கலாம்; கிடைப்பது உறுதியில்லை. அவர் ஊர் அமைந்த செட்டிநாட்டின் பழைய வழக்கு வேறு. கடல்கடந்த தொழிலைக் ‘கொண்டுவிக்கப் போதல்’, அதாவது கொண்டுசென்று விற்றல், என்றே குறித்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்), பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச்சீட்டு (பணி ஒப்பந்தம்) எழுதி ஏஜெண்டுகளை அனுப்பினர். இந்த ஏஜெண்டுகள் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் (தொழிலகங்களில்) கைப்பெட்டி முன் தரையிலமர்ந்து கணக்கெழுதி, இரவில் அங்கேயே பாய்விரித்துறங்கி, தவணை முடிந்ததும் ஊர் திரும்பினர். மலேசியப் பேச்சுவழக்கிலோ நிரந்தரவாசத் தகுதி, அடையாள அட்டையின் நிறத்தையொட்டிச் ‘சிவப்பு ஐசி’ எனப்படுகிறது.