மார்செல் ட்ருடெல்: அடிமைகளை எண்ணியவர்

கனடா என்றதும் அமெரிக்க அடிமைகள் தப்பி வந்து தஞ்சமடைந்த தேசம் என்பதுதான் நம்மில் பலருடைய நினைவு. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். புரோசார்டில் குடியேறி, பாலத்தைக் கடந்து தினமும் மொன்றியலுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த நாட்களில்தான் மார்செல் ட்ருடெலின் (1917–2011) பெயர் கண்ணில் பட்டது.

கியூபெக் வரலாற்றாசிரியரான இவர், பிரெஞ்சுக் கனடாவின் அடிமைமுறை பற்றிய நூலை 1960-இல் வெளியிட்டார். ஞானஸ்நானப் பதிவேடு, சாவுப் பதிவு, விற்பனைப் பத்திரம், உயில் என்று துழாவி ஒவ்வொருவராக எண்ணினார். பின்னாளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 4,200-ஐத் தொட்டது. இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆப்பிரிக்கர் அல்லர், பூர்வகுடிகள். 'பானி' என்பது அவர்களுக்கு இடப்பட்ட பொதுப்பெயர். வாங்கியவருக்கே இவர்கள் சொத்து என்று 1709-இல் அரசாணையே பிறந்தது. அடிமைகளோடு உரிமையாளர்களையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார் ட்ருடெல். வணிகர்களோடு பிஷப்புகளும் கன்னிமாடங்களும் அதில் உண்டு. மெக்கில் பல்கலைக்கழகத்துக்குச் சொத்து எழுதிவைத்த ஜேம்ஸ் மெக்கில்லும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

மரி ஜோசஃப் ஆஞ்செலிக்கின் கதை ஒன்றே போதும். போர்த்துகீசிய மண்ணில் பிறந்து, ஃபிளெமிஷ்காரர் ஒருவர் கைமாறி, மொன்றியல் வணிகர் ஃபிரான்ஷ்வீலின் வீட்டுக்கு வந்தவள். கனடாவின் முதல் இரும்பாலையான சேன் மோரிஸ் உலையைத் தொடங்கியவர் அவர். அவர் இறந்தபின், அவரது விதவை இவளை வெடிமருந்துக்கு ஈடாக விற்க ஏற்பாடு செய்தாள். 1734 ஏப்ரலில் நகரம் பற்றி எரிந்தது. பழி இவள்மேல் விழுந்தது. ஐந்து வயதுச் சிறுமியின் சாட்சியை ஏற்றார்கள். கால்களை நொறுக்கும் சித்திரவதைக்குப்பின் ஜூன் 21 அன்று தூக்கிலிட்டார்கள். தீ வைத்தது இவள்தானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இவளை விற்க முடிந்த சட்டத்தைப் பற்றி வாதமே இல்லையே என்பது என் ஆதங்கம்.

பிரிட்டிஷ் பேரரசு 1834-இல் அடிமைமுறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு தந்தது, உரிமையாளர்களுக்கு. அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களும் இலங்கையும் அச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, நம்மவர்கள் கப்பலேறினார்கள். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு காகிதம் இருந்தது. தொழிலாளியின் கடன் தொகை அதில் எழுதியிருக்கும். அதைக் கட்டும் துரைக்கு அந்த ஆள் போய்ச் சேர்வார். 1921 வரை அது நடைமுறையில் இருந்தது.