ஜெரோம் டிசூசா, அருட்தந்தை

ஜெரோம் டிசூசா (1897–1977): சேசு சபைக் குரு, ஆங்கிலப் பேராசிரியர், கல்லூரி முதல்வர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். மங்களூரில் 1897 ஆகஸ்டு 6 அன்று பிறந்தார். அங்கே புனித அலோசியஸ் கல்லூரியிலும், பிறகு திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் படித்தார். 1921இல் சேசு சபையில் சேர்ந்து, பெல்ஜியத்தில் இறையியல் பயின்று, 1931இல் குருப்பட்டம் பெற்றார்.

ஊர் மக்கள் ‘ஜோசப் காலேஜ்’ என்றே சொல்லும் வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு வந்தது. மலைக்கோட்டைக்கு எதிரே லூர்து மாதா கோயில் கோபுரம், பக்கத்தில் தெப்பக்குளம், குளக்கரையில் மாணவர் விடுதியாகிவிட்ட கிளைவ் வீடு: ஐரோப்பாவிலிருந்து 1933இல் திரும்பிய டிசூசா ஆங்கிலம் கற்பித்தது இந்தச் சூழலில்தான். கல்லூரியின் அதிபர் பொறுப்பும் பின்னர் அவரிடம் வந்தது.

1942இல் சென்னை லயோலா கல்லூரிக்கு முதல்வராகப் போனார். அந்தக் கல்லூரியை 1925இல் நிறுவிய பிரெஞ்சுக் குரு பெர்ட்ராமும் வளனார் கல்லூரியில் முதல்வராக இருந்துவிட்டுச் சென்றவரே.

சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானது அவர் வாழ்வின் பெருந்திருப்பம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன. கிறிஸ்தவ வேட்பாளருக்குக் கிறிஸ்தவர் மட்டுமே வாக்களித்தனர். 1947 ஆகஸ்டில் சபை இம்முறையைக் கைவிட்டு, பொதுத் தொகுதிகளில் இட ஒதுக்கீட்டை மட்டும் வைத்துக்கொண்டது. 1949 மே மாதம் மதச் சிறுபான்மையினருக்கான அந்த ஒதுக்கீடும் போயிற்று. அந்த நீக்கத்தை மனமுவந்து ஆதரித்தவர்களில் டிசூசாவும் ஒருவர். பிரிவினை ரத்தம் காயாத காலத்தில், தம் மக்களுக்கென இருந்த இடங்களை விட்டுக்கொடுத்து, சக குடிமக்களின் வாக்கை நம்புவது எளிய முடிவன்று. அவருடைய பணிகளில் ஆகப் பெரியதாக இதையே கொள்ள வேண்டும். மறுபுறம், சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவாக நிலைபெற்றது. வகுப்பறையிலேயே வளர்ந்த குருவுக்குச் சட்டமன்ற நாற்காலியைவிட அந்த உரிமையே உயிர்நாடி.

1949 முதல் ஐ.நா. பொதுச்சபைக்குச் சென்ற இந்தியக் குழுக்களில் பலமுறை இடம்பெற்றார். 1951இல் புனேயில் அவர் தொடங்கிய சமூக ஆய்வு நிறுவனம் பின்னாளில் தில்லிக்கு மாறி, இந்திய சமூக நிறுவனம் என இன்றும் இயங்குகிறது. கிறிஸ்தவ மறைப்பணி குறித்து வரலாற்றாசிரியர் கே. எம். பணிக்கர் எழுதியவற்றுக்கு மறுப்பாக ஒரு நூலும் எழுதினார். 1957 முதல் 1968 வரை ரோமில் சேசு சபைத் தலைவருக்கு இந்தியா, கிழக்காசியப் பகுதிகளுக்கான உதவியாளராகப் பணியாற்றினார்.

1977 ஆகஸ்டில் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1997இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.